தண்டுவடக் காயத்துக்குப் பின் காலில் ரத்தக் கட்டி: வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தென்னை மரத்திலிருந்து தவறி விழுந்தவர், சாரம் சரிந்து கீழே விழுந்த கொத்தனார், பைக் விபத்தில் கழுத்தில் அடிபட்ட கல்லூரி மாணவர் என்று தண்டுவடக் காய வார்டில் எந்தக் கட்டிலைப் பார்த்தாலும் இப்படி ஒரு கதை இருக்கும். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லி, வீட்டார் கொஞ்சம் மூச்சுவிடத் தொடங்கும் அந்த நாட்களில்தான் இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் காலில் உருவாகிறது. காலின் ஆழத்தில் இருக்கும் சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில், ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மேலே போனால், இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குச் சென்று அங்குள்ள ரத்தக் குழாயை அடைத்துவிடும். பெரிய கட்டியாக இருந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடக்கூடும்.

தண்டுவடக் காயம் பட்டவர்களோடு வேலை செய்யும் பிஸியோதெரபிஸ்ட் நான். இந்த மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தடுக்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அது டாக்டர் ஒருவரால் மட்டும் ஆகிற காரியமில்லை. இரவும் பகலும் பக்கத்தில் இருக்கும் அம்மாவின், மனைவியின், தம்பியின் கண்ணும் கையும் வேண்டும். காலில் கட்டி வந்தால் மற்றவர்களுக்கு வலிக்கும். "கால் வலிக்கிறது" என்று சொல்வார்கள். இவர்களுக்கு வலி தெரியாது. அந்த வலியின் வேலையை நீங்கள் செய்ய வேண்டியிருக்கிறது.

கீழே வரும் மருந்தின் அளவு, தொடங்கும் நாள், நிறுத்தும் நாள் எல்லாம் உங்களுக்கு விஷயம் புரிவதற்காகச் சொல்பவை. முடிவு உங்கள் டாக்டருடையது.

## இவர்களுக்கு ஏன் இவ்வளவு ஆபத்து?

"காலே உணர்ச்சியில்லாமல் கிடக்கிறது, சார். அதில் ரத்தம் உறைந்தால் என்ன, உறையாவிட்டால் என்ன?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டிருக்கிறார். "கட்டி காலோடு நின்றுவிடாது, அம்மா. நுரையீரலுக்குப் போகும்" என்றேன். அதன் பிறகு ஊசி போடும் நேரம் தவறினால் நர்ஸைத் தேடிக்கொண்டு போகும் முதல் ஆள் அவர்தான்.

ரத்தம் தேங்குவது, ரத்தக் குழாயின் உள்சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் தன்மையை நோக்கிச் சாய்வது ஆகிய மூன்றும்தான் சிரையில் கட்டி உருவாகக் காரணம். ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோவின் பெயரால் இந்த மூன்றையும் இன்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். தண்டுவடக் காயத்தில் மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. செயலிழந்த காலில் அந்தத் தள்ளல் இல்லை. சிரைகளை இறுக்கமாக வைத்திருக்கும் நரம்புக் கட்டுப்பாடும் போய்விடுவதால் அவை தளர்ந்து விரிகின்றன. விபத்தின் அடியும் அறுவை சிகிச்சையும் உடலின் உறையவைக்கும் வேலையை முடுக்கிவிடுகின்றன.

தடுப்பு எதுவும் தராமல் ஸ்கேன் செய்து பார்த்த பழைய ஆய்வுகள் பலவற்றில் பாதிப் பேருக்கும் மேல் காலில் கட்டி தெரிந்தது. காயம் பட்ட 3-வது நாளிலிருந்து 2-வது வாரம் முடியும் வரை ஆபத்து உச்சத்தில் இருக்கும். பிறகு மெல்லக் குறைந்து, 3 மாதத்துக்குப் பிறகு வெகுவாகத் தணியும். ஆகவே உங்கள் முழுக் கவனமும் வேண்டிய காலம் இந்த 3 மாதங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கட்டி அரிதாகத்தான் வரும் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. அந்த எண்ணத்தை நம்பித் தடுப்பை விட்டுவிடுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. தண்டுவடக் காயம் பட்ட கால் சென்னையில் தேங்கினாலும் சிகாகோவில் தேங்கினாலும் தேக்கம் தேக்கம்தான்.

## படி 1: முதல் 3 நாட்களில் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

அவசரப் பிரிவிலும் ஐசியூவிலும் உங்களால் செய்யக்கூடியது குறைவு. ஆனால் கேட்கலாம். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் மரியாதையாக, நேராகக் கேளுங்கள்: "காலில் ரத்தம் உறையாமல் இருக்க என்ன கொடுக்கிறீர்கள், டாக்டர்? ஊசி எப்போது தொடங்கும்?" இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளும் டாக்டரை நான் பார்த்ததில்லை. மறந்துபோன ஊசி இந்தக் கேள்வியால் நினைவுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பொதுவாக முதலில் வருவது காற்று பம்ப். இரண்டு கால்களிலும் உறை போலச் சுற்றி, காற்றை நிரப்பி, விட்டு விட்டு அழுத்தும் கருவி அது. ரத்தக் கசிவு அச்சம் இருக்கும் நேரத்திலும் போடலாம் என்பதால் முதல் நாளே தொடங்க முடியும். ரத்தக் கசிவு ஆபத்து அடங்கிவிட்டது என்று டாக்டர்கள் உறுதி செய்தபின் ஊசி வரும். காயம் பட்ட 72 மணி நேரத்துக்குள் ஊசியைத் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் இன்றைய சர்வதேசப் பரிந்துரைகளின் போக்கு. முதுகெலும்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதற்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் ஊசியை நிறுத்தி வைப்பார்கள். தண்டுவடத்தின் அருகே ரத்தம் கசிந்து தேங்கினால் இருக்கிற கொஞ்ச உணர்ச்சியும் போய்விடக்கூடும். எனவே அந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு, பதற வேண்டாம். எப்போது மீண்டும் தொடங்குவார்கள் என்பதை மட்டும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவையும் உண்டு. முன்பு எப்போதாவது காலில் கட்டி வந்ததா, சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா, வயிற்றுப் புண்ணால் ரத்த வாந்தி எடுத்ததுண்டா, இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறாரா, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனதா, பெண்ணாக இருந்தால் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா? ஒவ்வொன்றும் மருந்தை மாற்றக்கூடிய செய்தி.

## படி 2: ஊசியைப் புரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலும் தருவது குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரின் வகை மருந்து. நம் மருத்துவமனைகளில் அதிகம் புழங்குவது எனாக்சபாரின். மருந்து நிரப்பிய சிறிய சிரிஞ்சாகவே வரும். தடுப்புக்காகத் தினம் ஒரு முறை 40 மி.கி. என்பது வழக்கமான அளவு. உடல் எடைக்கும் சிறுநீரகத்தின் நிலைக்கும் ஏற்ப மாறும். அமெரிக்காவில் தண்டுவட மருத்துவத்துக்கான கூட்டமைப்பு 2016-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் இந்த வகை மருந்தைத்தான் முதலில் வைக்கின்றன. பழைய சாதா ஹெப்பாரினை, இது கிடைக்காத இடத்திலும் தரமுடியாத நோயாளிக்கும் மட்டும் தரச் சொல்கின்றன.

எனாக்சபாரின் பன்றியின் குடல் சவ்விலிருந்து எடுக்கப்படுவது. சமய நம்பிக்கையாலோ உணவுப் பழக்கத்தாலோ இது உங்களுக்குத் தயக்கம் தருமானால் மனத்துக்குள் வைத்துக்கொண்டு ஊசியைத் தவிர்க்காதீர்கள்; டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபோண்டாபரினக்ஸ் போன்ற, ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கும் மருந்துகளும் உள்ளன. உங்கள் நோயாளிக்குப் பொருந்துமா என்று அவர் பார்ப்பார்.

ஊசி தொடங்கிய 5-வது நாளிலிருந்து 10-வது நாளுக்குள் சிலருக்கு, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை சடாரென்று இறங்கும். இது அரிது, ஆனால் வந்தால், ரத்தத்தை உறையாமல் வைக்க வேண்டிய மருந்தே கட்டியை உண்டாக்கிவிடும். அதனால்தான் அந்த நாட்களில் ரத்தப் பரிசோதனை எடுக்கிறார்கள். "எதற்கு இத்தனை முறை ரத்தம் எடுக்கிறீர்கள்?" என்று தடுக்க வேண்டாம்.

## படி 3: வீட்டில் ஊசி போடக் கற்றுக்கொள்ளுங்கள்

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே, வார்டில் இருக்கும்போதே, நர்ஸின் கண்முன் நீங்களே சில முறை போட்டுப் பழகுங்கள். வீட்டில் குறைந்தது இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோயாளியைச் சாய்வாகப் படுக்க வையுங்கள். தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில் இடம் தேர்ந்தெடுங்கள். தழும்பும் பழைய நீலக் கன்றலும் உள்ள இடம் வேண்டாம். இன்று இடப்பக்கம் என்றால் நாளை வலப்பக்கம். சிரிஞ்சுக்குள் ஒரு சிறு காற்றுக் குமிழி தெரியும். முழு அளவும் போடுவதாக இருந்தால் அதை வெளியே தள்ளாதீர்கள். தள்ளப்போனால் மருந்தும் கொஞ்சம் போய்விடும். தோலை இரு விரல்களால் மடிப்பாகப் பிடித்து, ஊசியை நேர்க்குத்தாக முழு நீளமும் செலுத்துங்கள். மருந்து முழுதும் இறங்கி ஊசியை வெளியே எடுக்கும் வரை மடிப்பை விடக் கூடாது. பிறகு பஞ்சை வைத்து மெல்ல அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது. நம் கை பழக்கத்தில் தேய்த்துவிடும். தேய்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்துப்போகும்.

தினமும் ஒரே நேரம். மறந்துவிட்டால், அன்றைக்குள் நினைவு வந்தவுடன் போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் போடவே கூடாது. பயன்படுத்திய சிரிஞ்சைக் கனமான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ கொடுத்துவிடுங்கள். மருந்தை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். ஓட்டு வீட்டின் சூட்டிலும் வெயில் படும் ஜன்னல் ஓரத்திலும் வேண்டாம்.

இந்த ஊசி போட்டுக்கொண்டிருக்கும் வரை மூன்று பொருட்களை வீட்டுக்குள் விடாதீர்கள். ஒன்று, டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள். மருந்துக் கடையில் கேட்டவுடன் கொடுத்துவிடுவார்கள், ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். இரண்டு, காய்ச்சலுக்கு இடுப்பில் போடும் ஊசி. தெரு முனை கிளினிக்குக்குப் போனால் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். "ரத்தம் உறையாமலிருக்க ஊசி போகிறது" என்று உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். மூன்று, என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத சூரணமும் லேகியமும்.

மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, பல் ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே தெரிவியுங்கள். சிறுநீர் டியூபில் எப்போதாவது ஒரு கீற்று ரத்தம் தெரிவது டியூப் உரசியதாலும் இருக்கலாம். சிறுநீர் தொடர்ந்து சிவப்பாக வந்தால் அப்படி விட்டுவிடக் கூடாது. நேற்று வரை அசைந்த விரல் இன்று அசையவில்லை, மரத்த இடம் மேல்நோக்கி ஏறுகிறது, முதுகில் புதிதாகக் கடும் வலி என்றால், அது முதுகெலும்புக்குள் ரத்தம் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்று இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை வரை காத்திருக்கக் கூடாது.

## படி 4: காற்று பம்பும் அழுத்தக் காலுறையும்

காற்று பம்ப் ஒரு நாளில் குறைந்தது 18 மணி நேரமாவது ஓட வேண்டும். நடைமுறையில் குளிப்பாட்டக் கழற்றுவார்கள், ஸ்கேனுக்குக் கழற்றுவார்கள், பிஸியோவுக்கு நாங்கள் கழற்றுவோம். திரும்ப மாட்ட யாருக்கும் நினைவிருக்காது. கட்டிலடியில் சுருண்டு கிடக்கும் பம்ப் குழாயை நான் பார்க்காத வாரமில்லை. கழற்றியவரிடமே மாட்டச் சொல்லி நினைவூட்டுங்கள். இது உங்கள் வேலை.

ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு முறை உறையைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். குதிகால், கணுக்கால் எலும்பு, கெண்டைக்கால் ஓரம் ஆகிய இடங்களில் சிவந்து, விரலால் அழுத்தியும் சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். அழுத்தக் காலுறை என்பது காலை இறுக்கிப் பிடிக்கும் நீள உறை. அதில் சுருக்கம் விழுந்தால் அந்தச் சுருக்கமே தோலை அறுக்கும். நோயாளிக்கு உறுத்தல் தெரியாது. அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். அடுத்த கட்டில்காரருடையதை இரவல் வாங்கிப் போடக் கூடாது. நம் ஊர்க் கோடையில் வியர்த்து ஈரமாகும். தினமும் கழற்றித் துவைத்து, காய்ந்ததை மாட்டுங்கள்.

காலுறை மட்டும் போதும் என்று நினைத்து ஊசியை நிறுத்திவிடாதீர்கள். ஊசி போட முடியாத நாட்களில் பம்ப் கைகொடுக்கும். ஊசியின் இடத்தைக் காலுறை பிடிக்காது. சர்க்கரை நோயால் காலில் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு அழுத்தமே கெடுதல் செய்யும். காயம் பட்டுப் பல நாட்கள் எந்தத் தடுப்பும் இல்லாமல் கிடந்தவருக்கு, முதலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் கட்டி இல்லை என்று பார்த்துவிட்டு பம்ப் போடுவது நல்லது, டாக்டரிடம் கேளுங்கள்.

## படி 5: தினமும் டேப் வைத்து அளப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் உங்களால் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

தையற்காரர் வைத்திருக்கும் துணி டேப், ஒரு பேனா, ஒரு நோட்டு போதும். காலையில், நோயாளியை உட்கார வைப்பதற்கு முன், படுத்த நிலையிலேயே அளக்க வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே முன்பக்கம் தடவினால் ஒரு எலும்பு மேடு கைக்குத் தட்டுப்படும். அங்கிருந்து 10 செ.மீ. கீழே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் மேல் டேப்பைச் சுற்றி, தோலைத் தொட்டும் இறுக்காமலும் பிடித்துச் சுற்றளவைப் படியுங்கள். அடுத்த காலிலும் அதே இடத்தில். பிறகு சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே, தொடையிலும் அப்படியே. தேதியோடு நான்கு எண்களை எழுதுங்கள். கோடு குளியலில் அழிந்துவிடும், மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஒரே ஆள் அளக்கட்டும். ஆளுக்கு ஆள் கை இறுக்கம் மாறும்.

இரண்டு கெண்டைக்கால்களுக்கும் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டர்கள் அதைக் கட்டியின் முக்கிய அறிகுறியாகக் கணக்கில் எடுக்கிறார்கள். ஆனால் 3 வரும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கால் மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது என்று நோட்டு சொன்னால் அன்றே காட்டுங்கள். டாக்டரிடம் "கால் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கிறது" என்று சொல்வதற்கும், "ஞாயிறு 31, திங்கள் 32, இன்று 33, இடது கால் மாறவே இல்லை" என்று சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாவதைச் சொன்னால் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிவிடுவார்.

அளந்து முடித்ததும் புறங்கையால் இரண்டு கால்களையும் தொட்டுப் பாருங்கள். ஒரு கால் மட்டும் சூடாக இருக்கிறதா? நிறம் மாறியிருக்கிறதா? வேறு காரணம் தெரியாத லேசான காய்ச்சல், திடீரென்று கூடிவிட்ட கால் துடிப்பும் விறைப்பும்கூடக் கட்டியின் குரலாக இருக்கலாம். நெஞ்சுப் பகுதியின் 6-வது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்வை, ரத்த அழுத்த ஏற்றம் வந்தால், சிறுநீர் அடைப்பையும் மலச்சிக்கலையும் முதலில் பார்த்துவிட்டு, காலையும் பாருங்கள்.

வீல்சேரில் நெடுநேரம் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் வீங்குவதுண்டு. இரவு படுத்து எழுந்தால் வடிந்துவிடும், அது வேறு. ஒரு கால் மட்டும் வீங்கி, காலையிலும் வடியாமல் இருப்பதுதான் நம் கவலை. இடுப்பு, முழங்கால் மூட்டுகளைச் சுற்றித் தசைக்குள் புதிதாக எலும்பு வளர்வதும் இதே வீக்கத்தையும் சூட்டையும் காட்டும். உணர்ச்சியில்லாத காலில் தெரியாமல் ஏற்பட்ட எலும்பு முறிவும் காட்டும். எது என்று வீட்டில் தீர்மானிக்க முடியாது. ஸ்கேனும் எக்ஸ்ரேயும்தான் சொல்லும்.

## படி 6: அசைப்பது, உட்கார வைப்பது, தண்ணீர்

முதுகெலும்பு உறுதியாக இருக்கிறது என்று அறுவை சிகிச்சை நிபுணர் சொன்னவுடன் உட்கார வைப்பதும் வீல்சேருக்கு மாற்றுவதும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. கால்களை நாங்கள் தினமும் மடக்கி நீட்டுவது மூட்டு இறுகாமலிருக்க மிகவும் தேவை. ஆனால், பிஸியோதெரபிஸ்டாகவே சொல்கிறேன், அந்தப் பயிற்சி மட்டும் கட்டியைத் தடுத்துவிடும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. "பிஸியோ நடக்கிறதே, ஊசி எதற்கு?" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எண்ணெய் தேய்த்து நீவுவது பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். செயலிழந்த காலைப் பார்த்து மனம் தாளாமல், ஊரிலிருந்து நீவி விடுபவரை அழைத்து வருவார்கள். அன்பில் செய்வதுதான். ஆனால் வீங்கிய காலில் கட்டி இருந்தால், அழுத்தி நீவும் கை அதை உடைத்து நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும். முதல் 3 மாதம் காலை அழுத்தி நீவவே வேண்டாம். வீங்கிய கால் என்றால் எந்த மாதத்திலும் வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் வீடுகளில் நடப்பது இது: 4 மணி நேரத்துக்கு ஒரு முறை டியூப் விட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டியிருப்பதால், எடுக்கும் வேலையைக் குறைக்கத் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். நோயாளியே தாகத்தை அடக்கிக்கொள்வதும் உண்டு, மனைவிக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று. உடல் வறண்டால் ரத்தம் தடிக்கும், சிறுநீர்த் தொற்றும் வரும். ஒரு முறை எடுக்கும்போது 500 மி.லி.க்கு மிகாதபடி, நாள் முழுவதும் பிரித்துக் குடிக்க ஒரு கால அட்டவணையை நர்ஸிடம் போட்டு வாங்குங்கள். பீடி, சிகரெட் இன்றோடு நிற்கட்டும்.

## படி 7: டிஸ்சார்ஜ் நாள்

என் அனுபவத்தில் சங்கிலி அறுபடும் இடம் இதுதான். வார்டில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஊசி, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்படாமல் விடுபட்டு, வீட்டுக்குப் போன மறுநாளிலிருந்து நின்றுவிடுகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து வேறு பிரிவுக்கு, அங்கிருந்து ஊருக்கு என்று கை மாறும்போது விட்டுப்போகிறது.

மேலே சொன்ன 2016 நெறிமுறைகள், நடமாட்டம் குறைந்தவர்களுக்குக் காயம் பட்ட நாளிலிருந்து குறைந்தது 8 வாரம் மருந்து தொடர வேண்டும் என்கின்றன. கால் முழுதும் செயலிழந்து, அதோடு கால் எலும்பு முறிவு, முன்பே வந்த கட்டி, புற்றுநோய், உடல் பருமன், கூடிய வயது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டர்கள் 12 வாரம் வரையிலும் அதற்கு மேலும் நீட்டிப்பார்கள். சில இடங்களில் பிற்பாடு ஊசிக்குப் பதில் மாத்திரைக்கு மாற்றுவதும் உண்டு. ஆகவே மருத்துவமனைப் படி இறங்குமுன் சம்மரியை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட நேரம், நிறுத்த வேண்டிய தேதி, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

விலை பெரிய தடை. தினம் ஒரு ஊசி, இரண்டு மாதம் என்றால் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குத் தாங்காது. தாங்கவில்லை என்றால் சத்தமில்லாமல் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் வாங்க முடியுமா, மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து மலிவாகக் கிடைக்குமா, மாத்திரைக்கு மாற்றலாமா என்று வழி பார்ப்பார். 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிஸியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கான கவனிப்பும் தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வாய்ப்பிருந்தால் வீட்டுக்குப் போவதற்கு முன் மறுவாழ்வு மையத்தில் சில வாரங்கள் தங்குவது எல்லா வகையிலும் நல்லது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம், விபத்தில் தண்டுவடம் பாதித்து வீல்சேரில் இருந்தபடியே மருத்துவப் பணி செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966-ல் தொடங்கப்பட்டது.

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு என்பதுபோல நெடுந்தூரம் ஆம்புலன்ஸில் போவதாக இருந்தால், அன்றைய ஊசி தவறாமல் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். வழியில் நிறுத்தி நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்து, காலைப் பார்த்து, தண்ணீர் கொடுங்கள்.

## படி 8: சந்தேகம் வந்தால்

ஒரு கால் வீங்கிச் சூடாக இருந்தால்: பம்பை நிறுத்துங்கள், கால் பயிற்சியை நிறுத்துங்கள், நீவாதீர்கள், அன்றே டாப்ளர் ஸ்கேன். பாதத்தை மேலே மடக்கி வலி பார்க்கும் பழைய சோதனை, வலியே தெரியாதவரிடம் எதையும் சொல்லாது. டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை, விபத்துக்குப் பின் பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும். அதை மட்டும் வைத்துக் கட்டி இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சுப் படபடப்பு, இருமலில் ரத்தம், மயக்கம், விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் அளவு இறங்குவது என்று எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். கழுத்துத் தண்டுவடக் காயம் உள்ளவருக்கு நெஞ்சு வலி தெரியாமலே போகலாம்; "ஏதோ பயமாக இருக்கிறது, மூச்சு பத்தவில்லை" என்று மட்டும் சொல்வார். மனச்சோர்வு என்று தள்ளிவிடாதீர்கள். போனிலேயே "தண்டுவடக் காயம், நுரையீரலில் கட்டி போயிருக்குமோ என்று சந்தேகம்" என்று சொன்னால், போய்ச் சேரும் இடத்தில் சி.டி. ஸ்கேனுக்கு நேரம் வீணாகாது.

கட்டி உறுதியானால் மருந்தின் அளவு கூடும். சிகிச்சை குறைந்தது 3 மாதம். கால் பயிற்சியை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை டாக்டர் சொல்வார். பல இடங்களில் மருந்து பிடிக்கும் வரை ஓரிரு நாள் நிறுத்தி வைப்போம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை தந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை அளவு பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதற்காக முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் இல்லவே இல்லை என்று தாவாமல் ஒரே சீராகச் சாப்பிட வேண்டும். இதே வேலைக்கான இன்னொரு மருந்தான ரிவராக்சபானின் 15 மி.கி., 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தே தர முடியாத நிலையில், வயிற்றின் பெரிய சிரையில் வடிகட்டி ஒன்றை வைப்பார்கள். கட்டி வராத ஒருவருக்கு முன்னெச்சரிக்கையாக அதை வைப்பதை நெறிமுறைகள் ஆதரிக்கவில்லை. வைத்திருந்தால் உங்கள் பிஸியோதெரபிஸ்டிடம் கட்டாயம் சொல்லுங்கள். சளி வெளியேற வயிற்றை அழுத்தி இருமவைக்கும் முறையை அவர்களுக்கு நாங்கள் அப்படியே செய்ய மாட்டோம். வடிகட்டி நகர்ந்துவிடும் ஆபத்து உண்டு.

## படி 9: 3 மாதம் தாண்டிய பிறகு

ஊசி நின்றபின் வாழ்நாள் முழுவதும் மருந்து தேவைப்படுவதில்லை. ஆனால் ஆபத்து திரும்பி வரும் நேரங்கள் உண்டு. படுக்கைப் புண்ணுக்காக வாரக்கணக்கில் படுக்க வைப்பது, புதிய அறுவை சிகிச்சை, கால் எலும்பு முறிவு, கடும் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்வது, பெண்களுக்குக் கர்ப்ப காலமும் பிரசவத்துக்குப் பின்னான வாரங்களும். அந்த நாட்களில் ஊசி மறுபடி தேவைப்படலாம். பொது மருத்துவருக்கோ மகப்பேறு மருத்துவருக்கோ இது சட்டென்று நினைவுக்கு வராது. நீங்கள்தான் கேட்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையைத் தண்டுவட மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

டேப் அளவை வாரம் ஒரு முறைக்குக் குறைத்துக்கொள்ளலாம். காலுறை மாட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் காலைப் பார்ப்பதை மட்டும் தினமும் தொடருங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் காயத்தின் மட்டம், காயம் பட்ட தேதி, எந்த மருந்து எந்தத் தேதி வரை போனது, கட்டி வந்திருந்தால் எந்தக் காலில், வடிகட்டி இருக்கிறதா என்பதை எழுதி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வீட்டில் எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள்.